‘ஆய்வுக்கு மட்டும்’ என்று எழுதிய குப்பியைப் போட்டுக்கொள்ளலாமா?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகி: எனக்கு 46 வயது, எட்டு வருஷமாகச் சீனி வருத்தம். மெட்போர்மினும் கிளிக்லசைட்டும் குடிக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் செமக்ளுடைட் தூள் குப்பி எடுத்துத் தருவதாக வட்ஸ்அப்பில் சொல்கிறார். கம்பனி விற்கும் ஊசிப் பேனாவை விட மலிவாம், உடம்பும் குறையுமாம். லேபலில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று இருக்கிறது. போடலாமா?

வேண்டாம், தங்கச்சி.

மருந்தில் பிழையில்லை. சாப்பிட்டதும் குடலில் சுரந்து, இன்சுலினைக் கூட்டிப் பசியைத் தணிக்கும் ஹோர்மோன் ஒன்று உண்டு. சில நிமிஷத்தில் அழிந்துவிடும் அதன் வேலையை வாரக்கணக்கில் செய்வதுதான் செமக்ளுடைட். அமெரிக்காவில் 2017இல் நீரிழிவுக்கும் 2021இல் எடை குறைக்கவும் அனுமதித்தார்கள். ஆனால் அந்த அனுமதி கம்பனிப் பேனாவுக்கு. குப்பியில் எழுதியிருப்பது விற்பவர் சட்டத்திலிருந்து தப்ப வைத்திருக்கும் ஓட்டை. உள்ளே என்ன, எவ்வளவு, கிருமி இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. பேனாவிலேயே போலி வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது.

கலக்குவது இன்னொரு பொறி. 5 மில்லிகிராம் தூளுக்கு 2 மில்லிலீற்றர் நீர் விட்டால், தொடக்க அளவான 0.25 மில்லிகிராம் என்பது 0.1 மில்லிலீற்றர்தான். ஒரு புள்ளியைத் தவறவிட்டு 1 மில்லிலீற்றர் ஏற்றினால் பத்து மடங்கு போய்விடும். ஒரு வாரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் நிற்கும். ஓங்காளமும் சத்தியும் வந்தால் திருப்பி எடுக்க வழியில்லை. கிளிக்லசைட்டும் குடிப்பதால், அதன் அளவைக் குறைக்காவிட்டால் உங்களுக்குச் சீனி சடாரென்று இறங்கவும் கூடும்.

‘ஆய்வு’ என்ற சொல் உண்மையாகப் பொருந்தும் இடம் ஒன்றுண்டு. முறையான மருத்துவ ஆய்வில் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கும். உங்களுக்கு விளங்கும் மொழியில் சம்மதப் பத்திரம் தருவார்கள். இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், நினைத்த நேரம் விலகலாம். அப்படிப்பட்ட ஆய்வு வட்ஸ்அப்பில் குப்பி விற்காது.

விடியற்காலை கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருப்பவரிடம் “உடம்பைக் குறையுங்கள்” என்று வைத்தியர்களாகிய நாங்கள் ஒரு வரி சொல்லி அனுப்புகிறோம். எப்படி என்று சொல்ல நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். எனக்கு வரும் கோபத்தில் பாதி எங்கள் மேல்தான்.

அடுத்த கிளினிக்கில் நீங்களே கேளுங்கள்: “வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி எனக்குச் சரிவருமா?” கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் தைரொய்ட் புற்றுநோய் இருந்தாலோ முதலில் அதைச் சொல்லுங்கள். குப்பியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.