மெய்ன் கப்பலை வெடிக்கவைத்தது யார்? தேர்வில் எதை எழுதுவது?

கேள்வி: போட்டித் தேர்வுக்கு உலக வரலாற்றில் அமெரிக்க-ஸ்பானியப் போர் பற்றிப் படிக்கிறேன். '1898-ல் மெய்ன் கப்பலை ஸ்பெயின் தகர்த்தது, அதனால் போர் மூண்டது' என்கிறது ஒரு கையேடு. 'நிலக்கரித் தீதான் காரணம்' என்கிறது இன்னொன்று. எதை எழுதட்டும்?

பதில்: முதல் கையேட்டை ஓரங்கட்டிவிடுங்கள். ஸ்பெயின்தான் செய்தது என்று அன்றைய அமெரிக்கக் கடற்படை விசாரணையே சொல்லவில்லை.

அந்த அமெரிக்கப் போர்க்கப்பல் 1898 பிப்ரவரி 15 இரவு, அப்போது ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் வெடித்தது. ஏறத்தாழ 260 பேர் இறந்தார்கள். கப்பலின் அடித்தகடுகள் உள்நோக்கி மடங்கியிருந்ததால், வெளியே ஒரு கண்ணிவெடி வெடித்து, அது முன்பகுதி வெடிமருந்து அறைகளைப் பற்றவைத்தது என்று முடிவுசெய்த அமெரிக்க விசாரணைக் குழு, அதை வைத்தவர் யாரென்று கூறவில்லை. ஸ்பெயினின் விசாரணை நேர்மாறு: நீர்த்தூண் எழவில்லை, மீன்கள் செத்து மிதக்கவில்லை, ஆகவே வெடித்தது உள்ளேதான் என்றது. 1911-ல் தண்ணீரை இறைத்துச் சிதைவை ஆராய்ந்த அமெரிக்கர்கள் மறுபடியும் கண்ணிவெடி என்றார்கள், ஆனால் வேறோர் இடத்தில். 1976-ல் அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ரிக்கோவரின் ஆய்வு, வெடிமருந்து அறையை ஒட்டிய நிலக்கரிக் கிடங்கில் தானாக மூண்ட தீயே பெரும்பாலும் காரணம் என்றது. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நிலக்கரி தானாகப் பற்றிக்கொள்வது அக்காலக் கப்பல்களில் அபூர்வமல்ல. ஆனால் வழக்கு முடிந்துவிட்டதாக எழுதாதீர்கள்.

'அதனால் போர் மூண்டது' என்பதுதான் இன்னும் பெரிய கோளாறு. கியூபர்கள் 1895 முதலே ஸ்பெயினை எதிர்த்துப் போராடிவந்தார்கள். ஸ்பானிய ஜெனரல் வெய்லர் கிராமத்து மக்களை முகாம்களில் அடைக்க, பசியும் நோயும் பெருந்திரளானோரைக் கொன்றன. கப்பல் வெடிப்பதற்குச் சில நாள் முன்புதான், அமெரிக்க அதிபர் மெக்கின்லியை இழிவுபடுத்தி ஸ்பானியத் தூதர் எழுதிய கடிதம் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஹியர்ஸ்டின் 'நியூயார்க் ஜர்னல்' இதழில் வந்து கொதிப்பைக் கிளப்பியிருந்தது. வெடித்த பிறகு, குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பவருக்கு 50,000 டாலர் என்று அறிவித்ததும் அதே பத்திரிகைதான். பத்திரிகைகள்தான் போரை உண்டாக்கின என்பது மிகை. மெக்கின்லி ஏப்ரல் 11 வரை இழுத்தடித்தார். அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடம் கியூபாவில் தலையிட அனுமதி கேட்டபோதும் கியூபாவின் அவலம், அமெரிக்க வணிக நலன் ஆகியவற்றோடு மெய்னையும் ஒரு காரணமாகத்தான் அடுக்கினார்.

ஆக, விடையில் 'உடனடித் தூண்டுதல்' என்ற இடத்தில் மெய்னை வையுங்கள். அடிப்படைக் காரணம் கியூபா.

தேதியிலும் கவனம் தேவை: காங்கிரஸ் போரை அறிவித்தது ஏப்ரல் 25. ஆனால் ஏப்ரல் 21 முதலே போர்நிலை என்று முன்தேதியிட்டார்கள். கொள்குறி வினாவில் இரண்டு தேதிகளும் இருந்தால், 'அறிவித்த நாள்' கேட்கிறார்களா, 'தொடங்கிய நாள்' கேட்கிறார்களா என்று பார்த்துக் குறியுங்கள்.