இறைச்சியே தொடாதவருக்கும் மூளையில் புழுக்கட்டி வருமா?

கேள்வி: என் தங்கைக்குத் திடீரென வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டி என்கிறார்கள். அவள் இறைச்சியே சாப்பிடுவதில்லை. எப்படி வந்திருக்கும்?

பதில்: பன்றி இறைச்சியில் இருக்கும் கட்டியை (குடம்பி, அதாவது இளம்புழு, அடங்கிய சிறு பை) சரியாக வேகவைக்காமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி உண்டாவது அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போவதால். முட்டை வருவது குடலில் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து. அவர் கழிப்பறை போய்விட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமைத்தாலோ பரிமாறினாலோ போதும். முட்டை குடலில் பொரிந்து, அதிலிருந்து வரும் குடம்பி குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்விடும். வலிப்பு வர மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

பன்றி இறைச்சியை அறவே தவிர்க்கும் நியூயார்க் யூதச் சமூகத்தில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்தது 1992-ல் மருத்துவ இதழில் பதிவானது. வீட்டு வேலைக்கு இருந்தவர்கள் வழியே முட்டை வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

ஆகவே, தங்கைக்கு மட்டும் சிகிச்சை செய்தால் போதாது. அவரையும் சேர்த்து வீட்டிலுள்ள எல்லோருக்கும், சமைப்பவருக்கும் மலப் பரிசோதனை தேவை. முட்டை தினமும் வெளிவராது. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை கொடுங்கள். புழு உள்ளவர் பெரும்பாலும் எந்தத் தொந்தரவையும் உணர்வதில்லை. அவரைக் குற்றவாளியாக்காதீர்கள், பயந்தால் பரிசோதனைக்கே வரமாட்டார்.

கடையில் நீங்களாகப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிராசிகுவாண்டல் என்ற பூச்சி மாத்திரை மூளைக்குள்ளும் போய் அங்குள்ள கட்டிகளைத் தாக்கும். அதனால் வீக்கம் ஏற்பட்டு வலிப்பு வரக்கூடும். நிக்ளோசமைடு என்ற இன்னொரு மாத்திரை குடலோடு நின்றுவிடும். பெரியவர்களுக்கு ஒரே வேளையாக 2 கிராம், மென்று விழுங்க வேண்டும். எதைக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் முழுக்க எல்லோருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டால் இந்தப் புழு ஒழிந்துவிடுமா?

பதில்: மனிதருக்கு மட்டும் கொடுத்தால் ஒழியாது. பன்றிகளின் தசையில் கட்டி அப்படியே இருக்கும். அந்த இறைச்சியைத் தின்றவருக்கு இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி முழுப் புழு வளர்ந்துவிடும். தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் தும்பேஸ் பகுதியில் மனிதருக்கும் பன்றிக்கும் ஒருசேர மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டுப் பரவலை நிறுத்திக் காட்டினார்கள். முடிவுகள் 2016-ல் வெளியாயின.

பன்றிக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற பூச்சி மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி., ஒரே தடவை வாய்வழி. மருந்து கொடுத்தபின் லேபிளில் குறித்துள்ள காலம் முடியும்வரை வெட்டக் கூடாது. டி-சோல் 18 தடுப்பூசி மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை. ஏற்கெனவே உள்ள கட்டியைத் தடுப்பூசி அழிக்காது. அதனால்தான் மருந்தும் சேர்த்துத் தேவை. புதிதாகப் பிறக்கும் குட்டிகளுக்குப் பாதுகாப்பு இருக்காது என்பதால், இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பல திட்டங்கள் சறுக்குவது இங்கேதான்.

நாக்கைத் தடவிப் பார்த்துப் பன்றியைத் தேர்வு செய்வதை மட்டும் நம்பாதீர்கள். கட்டி நிறைய இருந்தால்தான் கைக்குத் தட்டுப்படும். கட்டியுள்ள பன்றிக்கு இழப்பீடு கிடையாது என்றால், வளர்ப்பவர் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுவராமல் மறைவாக விற்பார். மனித மலத்தில் உள்ள முட்டையைப் பன்றி தின்றால்தான் அதன் தசையில் கட்டி வரும் என்பதால், பன்றியைக் கட்டுத்தறியிலோ பட்டியிலோ வளர்ப்பதும், பன்றி நுழைய முடியாத கதவுள்ள கழிப்பறையும் அவசியம்.

கேள்வி: உப்புப் போட்டோ புகையிட்டோ பதப்படுத்திய இறைச்சி பாதுகாப்பானதா?

பதில்: அதை நம்பி இருக்க வேண்டாம். துண்டுகளாக இருந்தால் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸ் ஆனபின் மூன்று நிமிடம் அப்படியே விட வேண்டும்; கொத்திய இறைச்சிக்கு 71 டிகிரி. உறையவைப்பதானால் மைனஸ் 5 டிகிரியில் 4 நாள், மைனஸ் 15-ல் 3 நாள், மைனஸ் 24-ல் 1 நாள். குளிர்பெட்டியின் சாதாரண தட்டில் வைத்தால் கட்டி சாகாது.