கணினி கேள்வி–பதில்: ஆங்கிலம் ஒன்று, அமைப்பு நான்கு

பாலக்காட்டுச் சித்தூர் பக்கமிருந்தும் ஆந்திரச் சித்தூர் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. புதுக் கணினியில் 'இங்கிலீஷ்' என்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க இங்கிலீஷ். அதை நம்மூருக்கு ஏற்ப மாற்றப் போனால், நான்கு அமைப்புகள் தனித்தனியே நிற்கின்றன: திரையில் தெரியும் மொழி, தேதி–எண்–பணம் காட்டும் வடிவம், கீபோர்டு, எழுத்துப்பிழை பார்க்கும் மொழி. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் கூடவே மாறிவிடும் என்று நம்பியதால் வந்தவைதான் கீழே உள்ள சிக்கல்களில் பல.

கே: எங்கள் பால் சங்கத்தில் தினசரிக் கொள்முதல் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வருகிறது. எக்செலில் திறந்தால் ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஊற்றிய பால் மே 8-இல் விழுகிறது. 13-ஆம் தேதியிலிருந்து சரியாக இருக்கிறது. ஏன் இப்படி?
— சங்க எழுத்தர், கொழிஞ்சாம்பாறை

ப: 13-ஆம் தேதிக்கு மேல் உள்ளவையும் சரியில்லை. அந்தக் கட்டங்களை உற்றுப் பாருங்கள். தேதி இடப்பக்கம் ஒட்டி நிற்கும். எக்செல் அவற்றைத் தேதியாகவே ஏற்கவில்லை, வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது என்று பொருள். உங்கள் விண்டோஸ் அமெரிக்க வடிவத்தில் இருப்பதால் 05/08/2024 என்பதை மாதம்/நாள் என்று படித்து மே 8 ஆக்கிவிட்டது. 13/08/2024 வந்தபோது பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் கைவிட்டுவிட்டது.

முதலில் வடிவத்தை மாற்றுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் → டைம் அண்ட் லாங்குவேஜ் → லாங்குவேஜ் அண்ட் ரீஜன் → ரீஜனல் ஃபார்மட் → இங்கிலீஷ் (இந்தியா). அதற்கு மேலேயே 'கன்ட்ரி ஆர் ரீஜன்' என்று ஒன்று இருக்கும். அதை இந்தியா என்று மாற்றுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் தேதி மாறாது. மாற்றியபின் எக்செலை மூடித் திறங்கள். தேதி நாள்–மாதம்–ஆண்டு வரிசைக்கு வரும்; எண்ணும் 1,234,567 என்பதற்குப் பதில் 12,34,567 என்று லட்சக் கணக்கில் பிரியும்.

ஆனால் ஏற்கெனவே தவறாக விழுந்த தேதிகள் இதனால் திருந்தாது. எக்செல் தேதியை ஒரு எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. ஆகஸ்ட் 5, 2024 என்றால் 45509. மே 8, 2024 என்றால் 45420. உங்கள் கோப்பில் உட்கார்ந்திருப்பது 45420. வடிவத்தை எப்படி மாற்றினாலும் அது மே 8-ஐத்தான் வேறு வரிசையில் காட்டும்.

ஆகவே மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றுவதே நல்லது. கோப்பை இரட்டை கிளிக் செய்யாமல், வெற்றுத் தாளில் டேட்டா → ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி → டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா. தேதிப் பத்தியின் தலைப்பில் வலது கிளிக் செய்து சேஞ்ச் டைப் → யூசிங் லொகேல் (எந்த நாட்டு வழக்கம்), வகை டேட், லொகேல் இங்கிலீஷ் (இந்தியா). இப்படிச் செய்தால் கணினி எந்த வடிவத்தில் இருந்தாலும் தேதி சரியாக வரும். மூலக் கோப்பின் மேலேயே சேவ் செய்துவிட்டிருந்தால் இரண்டு வேலை. எழுத்தாக நிற்பவற்றைத் தேர்ந்தெடுத்து டேட்டா → டெக்ஸ்ட் டு காலம்ஸ், மூன்றாவது படியில் டேட் – டிஎம்ஒய் (நாள்–மாதம்–ஆண்டு). தலைகீழாக விழுந்தவற்றுக்குப் பக்கத்துப் பத்தியில் டேட் ஃபார்முலா: ஆண்டின் இடத்தில் இயர், மாதத்தின் இடத்தில் டே, நாளின் இடத்தில் மன்த். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து செய்துவிடாதீர்கள், சரியானதும் புரண்டுவிடும்.

நம் அலுவலகங்களில் 05.08.2024 என்று புள்ளி வைத்து எழுதும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எக்செலுக்கு அது எழுத்துதான். புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டுப் பழகுங்கள்.

கே: 'இந்தியாவுக்கு பிரிட்டிஷ் இங்கிலீஷ்தான் சரி' என்று சொல்லி லேப்டாப்பில் இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்) போட்டுக் கொடுத்தார்கள். இப்போது ஷிஃப்ட் + 2 அடித்தால் @ வருவதில்லை. ஜிஎஸ்டி தளத்துக்கு மெயில் முகவரிகூட அடிக்க முடியவில்லை.
— விசைத்தறி உரிமையாளர், நகரி

ப: மொழியோடு கீபோர்டும் பிரிட்டிஷ் ஆகிவிட்டது. இங்கே விற்கும் கீபோர்டுகளில் அச்சிட்டிருப்பது அமெரிக்க அமைப்பு. பிரிட்டிஷ் அமைப்பில் ஷிஃப்ட் + 2 இரட்டை மேற்கோள் குறி, ஷிஃப்ட் + 3 பவுண்டு குறி. @ வேண்டுமானால் என்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்கோள் கீயை ஷிஃப்டோடு அடிக்க வேண்டும். பின்சாய்கோட்டுக்கு (\) உங்கள் கீபோர்டில் கீயே கிடையாது. பிரிட்டிஷ் கீபோர்டில் அது இடது ஷிஃப்டை ஒட்டித் தனியாக இருக்கும்.

மொழியை விட்டுவிட்டுக் கீபோர்டை மட்டும் மாற்றலாம். லாங்குவேஜ் அண்ட் ரீஜன் பக்கத்தில் இங்கிலீஷ் (யுனைடெட் கிங்டம்) எதிரே உள்ள மூன்று புள்ளி → லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் → ஆட் எ கீபோர்டு → யுஎஸ். அதைச் சேர்த்த பிறகுதான் யுனைடெட் கிங்டம் கீபோர்டை ரிமூவ் செய்ய முடியும். ஒன்றே ஒன்று இருக்கும்போது நீக்க விடாது.

அதற்கு முன் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் கீபோர்டு இருந்த நாட்களில் ஏதாவது பாஸ்வேர்டு வைத்தீர்களா? @ என்று நினைத்து ஷிஃப்ட் + 2 அடித்திருந்தால், உள்ளே பதிவானது இரட்டை மேற்கோள் குறி. கீபோர்டைத் திருத்தியபின் அந்த இடத்தில் மேற்கோள் குறியையே அடித்து உள்ளே போய், பிறகு பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

லாகின் திரையில் மட்டும் பழைய கீபோர்டு நிற்கும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்குவேஜ் செட்டிங்ஸ் → காப்பி செட்டிங்ஸ் போய் வெல்கம் ஸ்கிரீன், நியூ யூசர் அக்கவுண்ட்ஸ் இரண்டிலும் டிக் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இங்கிலீஷ் (இந்தியா) கீபோர்டு. @ எல்லாம் அச்சிட்ட இடத்திலேயே இருக்கும். கூடுதலாக வலது ஆல்ட் + 4 அடித்தால் ₹ வரும். 2010-இல் வந்த குறி இது. யுஎஸ் கீபோர்டில் அதற்கு இடமில்லை.

கே: வேர்டில் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். 'கலர்' என்பதைப் பாடநூலில் இருப்பதுபோல் 'யு' சேர்த்து எழுதினால் சிவப்புக் கோடு. விண்டோஸில் இங்கிலீஷ் (இந்தியா) போட்ட பிறகும் கோடு போகவில்லை.
— ஆசிரியை, குப்பம்

ப: வேர்டில் மொழி ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டிக்கொண்டே வரும். நீங்கள் விண்டோஸை மாற்றினாலும், பழைய கோப்பில் உள்ள வரிகள் 'நான் அமெரிக்க இங்கிலீஷ்' என்ற சீட்டை முதுகில் வைத்தபடியே இருக்கின்றன. கண்ட்ரோல் + ஏ அழுத்தி முழுவதையும் தேர்ந்தெடுங்கள். ரிவ்யூ → லாங்குவேஜ் → செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் → இங்கிலீஷ் (இந்தியா). அங்கேயே 'டிடெக்ட் லாங்குவேஜ் ஆட்டோமேட்டிக்கலி' டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேர்டு தானாகத் திரும்ப மாற்றிவிடும். 'செட் ஆஸ் டிஃபால்ட்' அழுத்தினால் இனித் திறக்கும் புதுக் கோப்புகள் இதே மொழியில் வரும். கீழ்ப்பட்டையில் மொழிப் பெயர் தெரியும். கர்சரை வெவ்வேறு பத்திகளில் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

இணையத்திலிருந்து பாடப்பகுதியை ஒட்டும்போது அதன் மொழிச் சீட்டும் கூடவே வரலாம். ஒட்டும்போது 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள். கோடே வரவில்லை என்றாலும் மகிழ வேண்டாம். செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் பெட்டியில் 'டு நாட் செக் ஸ்பெல்லிங்' டிக் ஆகியிருக்கக்கூடும். பிள்ளைகள் கையில் போகும் தாள் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கே: திரையில் தெரியும் மெனு மொழியை இங்கிலீஷ் (இந்தியா) ஆக்க வழி உண்டா? பட்டியலில் அதைக் காணோம்.
— கல்லூரி மாணவர், மறையூர்

ப: இல்லை. விண்டோஸ் மெனுவுக்கு இங்கிலீஷில் அமெரிக்கம், பிரிட்டிஷ் இரண்டு மட்டுமே. பிரிட்டிஷ் வந்துவிட்டதா என்று அறிய செட்டிங்ஸில் 'பெர்சனலைசேஷன்' என்ற சொல்லைப் பாருங்கள். இஸட் போய் எஸ் வந்திருக்கும். மெனு அமெரிக்கத்தில் இருந்தாலும் தேதிக்கும் கணக்குக்கும் ஒரு கெடுதலும் இல்லை. 'ஒரே ஒரு டிஸ்ப்ளே லாங்குவேஜ்தான் அனுமதி' என்று செய்தி வந்தால், உங்களுடையது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் பதிப்பு. இங்கே விற்கும் லேப்டாப்களில் அது நிறையவே இருக்கிறது. மெனு மொழியை மட்டும்தான் அது தடுக்கும். வடிவம், கீபோர்டு, தமிழ் 99 எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்க்கலாம்.

கே: எங்கள் பள்ளிக் கணினிகளில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். எக்செல் போன்ற லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் அதே தேதிக் குழப்பம்.
— தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர், தேவிகுளம்

ப: உபுண்டு வகை லினக்ஸ் என்றால் லாங்குவேஜ் சப்போர்ட் → ரீஜனல் ஃபார்மட்ஸ் → இங்கிலீஷ் (இந்தியா) → அப்ளை சிஸ்டம்-வைட். பிறகு லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். பட்டியலில் தமிழ் (இந்தியா), மலையாளம் (இந்தியா) என்றும் இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் மாதப் பெயர்களும் அந்த மொழிக்கு மாறிவிடும். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் 'லொகேல் செட்டிங்' வேறு எதுவாகவும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிஎஸ்வி திறக்கும்போது வரும் பெட்டியில் தேதிப் பத்தியைச் சொடுக்கி, காலம் டைப்பில் டேட் (டிஎம்ஒய்) கொடுத்துவிட்டால் குழப்பமே எழாது.

கே: பேசினால் எழுதும் வசதியில் என் உச்சரிப்பு அதற்குப் புரிவதில்லை.
— வாசகி, மூணாறு

ப: விண்டோஸ் கீ + ஹெச் அழுத்தும்போது எந்தக் கீபோர்டு இயங்குகிறதோ அந்த மொழியில்தான் அது கேட்கும். முதலில் விண்டோஸ் கீ + ஸ்பேஸ் அழுத்தி இங்கிலீஷ் (இந்தியா)வுக்கு மாறி, பிறகு பேசுங்கள். இதற்கு இணைய இணைப்பு வேண்டும்.

கே: விண்ணப்பம் அச்சிட்டால் கீழே கையெழுத்து வரி துண்டாகிறது.
— ஜெராக்ஸ் கடைக்காரர், புத்தூர்

ப: தாள் அளவு லெட்டர் என்று இருக்கிறது. அது 216 × 279 மில்லிமீட்டர். உங்கள் தட்டில் உள்ள ஏ4 210 × 297. உயரத்தில் 18 மில்லிமீட்டர் குறைகிறது. வேர்டில் லேஅவுட் → சைஸ், பிரின்டரின் பிரிஃபரன்ஸஸ், பிரவுசரின் பிரின்ட் பெட்டி – மூன்று இடத்திலும் ஏ4 ஆக்குங்கள்.