மேசைப் போர் உருவங்கள்: வண்ணமும் பீடமும் – கேள்வி பதில்

மேசையில் போர் விளையாட்டு ஆடுபவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலோர் 28 மில்லிமீட்டர் உருவங்களை வைத்திருப்பதால் அந்த அளவையே மனத்தில் கொண்டு எழுதுகிறேன். வேறு அளவு வரும் இடத்தில் அதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: புதிய உருவங்களைக் கழுவிய பிறகுதான் வண்ணம் பூச வேண்டுமா?

எதில் வார்த்தது என்று பாருங்கள். ரெசின் என்றால் கட்டாயம் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வர ஒரு வழுக்குப் பொருளைத் தடவியிருப்பார்கள்; அதன் மேல் எந்தப் பிரைமரும், அதாவது வண்ணம் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சும், பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல் துலக்கி ஆகியவை போதும். வெந்நீர் சூடு ஏறினால் மெல்லிய ஈட்டியும் வாளும் வளைந்துவிடும். உலோக உருவங்களையும் இப்படியே கழுவிவிடலாம். வெட்டி எடுக்க வேண்டிய துண்டுகளாகச் சட்டத்தோடு வரும் கெட்டிப் பிளாஸ்டிக்கை நான் கழுவுவதில்லை.

கழுவுவதைப் பற்றி வாதாடுபவர்கள் அச்சுக்கோட்டை மறந்துவிடுகிறார்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். எடுக்காமல் விட்டால், பிறகு நீங்கள் பூசும் ஒவ்வொரு பூச்சும் அதைத்தான் எடுத்துக் காட்டும்.

கேள்வி: ஸ்பிரே பிரைமர் அடித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடுகிறது. டப்பாவில் கோளாறா?

பெரும்பாலும் தூரத்தில்தான் கோளாறு. அதிக தூரத்திலிருந்து அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி உலர்ந்து, தூளாக வந்து ஒட்டுகின்றன. 20 முதல் 30 செ.மீ. தூரம் சரியாக இருக்கும். டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்குங்கள். உருவத்துக்கு வெளியே தொடங்கி, குறுக்கே ஓட்டி, வெளியே முடியுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளிலும் கடும் வெயிலிலும் அடிக்காதீர்கள். காற்றோட்டமான இடமும் முகக்கவசமும் அவசியம். வானிலை ஒத்துழைக்காத காலத்தில் தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது; கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நுணுக்கமான வேலைக்காக 000 எண் தூரிகை வாங்கினேன். உருவத்தைத் தொடுவதற்குள் வண்ணம் நுனியில் காய்ந்துவிடுகிறது.

காயத்தான் செய்யும். அந்த நாலு மயிரில் எவ்வளவு வண்ணம் நிற்கும்? நுணுக்கத்தைத் தருவது தூரிகையின் பருமன் அல்ல, நுனியின் கூர்மை. நல்ல கூர்நுனி உள்ள 1 அல்லது 2 எண் தூரிகையே ஏறக்குறைய எல்லா வேலைக்கும் போதும். கொலின்ஸ்கி எனப்படும் சைபீரிய மரநாய் வகை உயிரியின் மயிரில் செய்தவை இதற்குப் பேர்போனவை. செயற்கை இழைத் தூரிகைகளின் நுனி நாளடைவில் கொக்கியாக வளைந்துகொள்ளும். அவற்றை உலோக வண்ணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அந்த வண்ணத்துக்குத் தனிக் குவளையும் வையுங்கள். இல்லையென்றால் அதன் மினுக்குத் துகள்கள் வீரனின் முகத்தில் போய் ஒட்டும்.

மயிரும் உலோகப் பட்டையும் சேரும் இடம் வரை வண்ணம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காய்ந்தால் நுனி விரிந்துவிடும். நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் போன்றவை இருக்கின்றன. அந்தப் பழக்கம் வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் பள்ளி மாணவன். எவ்வளவு முயன்றாலும் கண்கள் முட்டைக் கண்களாகவே வருகின்றன. என்ன செய்வது?

தம்பி, படைவீரர்களுக்குக் கண்ணே வரையாதே. கணக்குப் போட்டுப் பார். 28 மி.மீ. உருவம் ஏறக்குறைய நிஜ மனிதனின் 60-இல் ஒரு பங்கு. மனிதக் கண்ணின் திறப்பு சுமார் 3 செ.மீ. அகலம். அதை 60-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவனுக்குப் புருவத்தின் கீழுள்ள நிழல்தான் தெரியும். கண்குழியில் அடர்பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்து விடு. மூக்கு, கன்ன எலும்பு, தாடை மூன்றையும் வெளிறிய தோல்நிறத்தில் தொடு. முகம் வந்துவிடும்.

தளபதிக்காவது கண் வேண்டும் என்றால், தோலுக்கு முன்பே கண்ணை முடித்துவிடு. முதலில் கறுப்பாக ஒரு கோடு, அதனுள் வெள்ளை, பிறகு மேலிமையிலிருந்து கீழிமை வரை செங்குத்தாகக் கருவிழி. கருவிழியைப் புள்ளியாக வைத்து, அதைச் சுற்றி வெள்ளை தெரிவதால்தான் திகைத்த பார்வை வருகிறது. சிந்தியதையெல்லாம் தோல்நிறம் மூடிக்கொள்ளும்.

கேள்வி: கையில் எடுத்துப் பார்த்தால் என் வீரர்கள் அழகாக இருக்கிறார்கள். மேசையில் நிறுத்தினால் எல்லாம் ஒரே மங்கல். சீருடை நிறங்களை நூல்களைப் பார்த்துச் சரியாகத்தான் பூசியிருக்கிறேன்.

சரியாகப் பூசியதுதான் சிக்கல். உருவத்தைச் சிறிதாக்கலாம், வெளிச்சத்தைச் சிறிதாக்க முடியாது. நிஜச் சட்டையின் மடிப்புக்குள் இருள் தங்கும். அரை மில்லிமீட்டர் மடிப்பில் விழும் நிழல் தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே நிழலையும் ஒளியையும் நாம்தான் வரைய வேண்டும், அதுவும் கொஞ்சம் மிகையாக. கையில் பார்க்கும்போது முரட்டுத்தனமாகத் தெரியும் அளவுக்குப் போனால்தான் மேசையில் சரியாக இருக்கும்.

வழிமுறை பழையதுதான். சீருடை நிறத்தைச் சற்றே வெளிறலாக எடுத்து, நீர்த்து, இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். வாஷ் எனப்படும் நீர்த்த கருஞ்சாயத்தை மடிப்புகளில் ஓடவிடுங்கள். தட்டையான இடத்தில் தேங்கினால் ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். உலர்ந்ததும் மேடான இடங்களில் அடிப்படை நிறத்தை மறுபடி தொட்டு, அதற்கும் மேலே இன்னும் வெளிறிய ஒரு கீற்றை வையுங்கள். வேலையின் நடுவே அடிக்கடி கையை முழுதாக நீட்டிப் பாருங்கள். உருப்பெருக்கியின் கீழ் மட்டும் பார்த்து மகிழ்வது வேறு பொழுதுபோக்கு.

நூல்களும் உதவும், எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால். நெப்போலியன் காலப் பிரிட்டிஷ் படையில் சாதாரண வீரரின் சிவப்புச் சட்டைக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம் ஏற்றினார்கள். அது மங்கலான சிவப்பு. அதிகாரியின் சட்டைக்குப் பூச்சியிலிருந்து எடுத்த காக்கினீல் சாயம். அது பளிச்சென்ற சிவப்பு. இந்த வேறுபாட்டைப் பூசிவிட்டால், வரிசையில் அதிகாரி எங்கே என்று தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே பூச்சில் நிழலும் நிறமும் தரும் வண்ணங்களைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலையா?

இல்லை. கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தன் சிட்டாடெல் வண்ணங்களில் 2019-இல் கான்ட்ராஸ்ட் வரிசையை வெளியிட்ட பிறகு இந்த முறை வெகுவாகப் பரவியது. கறுப்புப் பிரைமரின் மேல் சாம்பலும் வெள்ளையும் உலர் தூரிகையால் (வண்ணத்தைத் தொட்டு, பெரும்பகுதியைத் துடைத்துவிட்ட தூரிகையால்) தேய்த்துவிட்டு, அதன்மேல் பூசினால் பாதி வேலை தானாக நடக்கும். துணி, தோல், ரோமம் ஆகியவற்றில் அருமையாக வரும். அகலமான கவசத் தகட்டில் திட்டுத் திட்டாக நிற்கும்.

கேள்வி: பீடத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? பச்சை வண்ணம் பூசினால் போதாதா?

போதாது. ஆடுபவர் மேலிருந்து பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது தொப்பி, தோள், அப்புறம் பீடம். சுமாராகப் பூசிய வீரனை நல்ல பீடம் தூக்கி நிறுத்தும்; அருமையாகப் பூசியவனை வெறும் பீடம் கெடுத்துவிடும். பல நிறுவனங்களின் உருவங்கள் கலந்த படையை ஒரே படையாகக் காட்டுவதும் பீடம்தான். நேரம் குறைவென்றால் வாரின் பித்தளைக் கொக்கியை விட்டுவிடுங்கள், பீடத்தை விடாதீர்கள்.

வெள்ளைப் பசையைத் தடவி மணலில் அழுத்துங்கள். ஓர் இரவு உலரட்டும். பிறகு நீர்த்த பசையை மேலே விட்டால் மணல் உதிராது. கடல் மணலென்றால் உப்புப் போக அலசிக் காயவையுங்கள். இயற்கையான மணல்தானே என்று வண்ணம் பூசாமல் விடாதீர்கள். அதன் மினுமினுப்பு அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். அடர்பழுப்பைப் பூசி, உலர் தூரிகையால் வெளிர்பழுப்பையும், அதன் மேல் மிக லேசாக எலும்பு நிறத்தையும் தேயுங்கள்.

இங்கும் 60-ஆல் கணக்கிடுங்கள். 1 மி.மீ. மணல் துகள், வீரனுக்கு 6 செ.மீ. கல். 1 செ.மீ. கூழாங்கல் அவனுக்கு 60 செ.மீ. பாறை, ஒன்றுக்கு மேல் வேண்டாம். 4 மி.மீ. செயற்கைப் புல் 24 செ.மீ. உயரமாகத் தெரியும், அது பொருத்தம். 15 மி.மீ. உருவங்களுக்கு 2 மி.மீ. புல் எடுங்கள். பீடம் முழுக்கப் புல்லைப் பரப்பாமல் அங்கங்கே மண் தெரிய விடுங்கள். விளிம்புக்குப் படை முழுவதும் ஒரே நிறம்.

கேள்வி: பனிக்கு சமையல் சோடா தூவலாமா?

வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகிவிடும். மாதிரிகளுக்கென்றே விற்கும் பனித்தூளை வாங்குங்கள்.

கேள்வி: பீடத்தின் அளவு விதிக்கு விதி மாறுகிறதே?

மாறும். ஆடப்போகும் விதிநூலை முடிவு செய்த பிறகே ஒட்டுங்கள். உதாரணமாக, பழங்காலப் போர்களுக்கான டி.பி.ஏ. என்ற விதிகளில் 15 மி.மீ. உருவங்களுக்குப் பீடத்தின் முகப்பு 40 மி.மீ., 25 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. முடிவெடுக்க முடியவில்லை என்றால் வீரர்களைத் தனித்தனி வட்டப் பீடங்களில் காந்தத்தோடு நிறுத்தி, இரும்புத் தகடு பதித்த தட்டுகளில் அணிவகுக்கச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் பழைய உலோக உருவங்கள் சிலவற்றை வாங்கி வந்திருக்கிறான். மேலே வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா, ஐயா?

பயம் வேண்டாம் அம்மா, கவனம் வேண்டும். பழைய உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். மரப்பெட்டியிலும் அட்டைப்பெட்டியிலும் கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து இந்தப் பொடியை உண்டாக்குகிறது, இது நச்சுப்பொருள். பொடியை ஊதவோ உலர்ந்த நிலையில் தேய்க்கவோ விடாதீர்கள். நன்றாக அரித்துப்போனவற்றைத் தனியே மூடிவைத்து, நச்சுக்கழிவுக்குரிய முறையில் அப்புறப்படுத்துங்கள். மற்றவற்றைத் தொட்டபின் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவட்டும், அந்த மேசையில் எதையும் சாப்பிட வேண்டாம். அரம் போடுவதை ஈரத்தோடு செய்யட்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: மாட் வார்னிஷ் அடித்ததும் படை முழுவதும் வெளிறிவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஈரக்காற்றில் அடித்திருப்பீர்கள், அல்லது டப்பாவைச் சரியாகக் குலுக்கியிருக்க மாட்டீர்கள். மாட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் துகள்கள் அடியில் தங்கிவிடும். இப்போது தூரிகையால் ஒரு பளபளப்பு வார்னிஷ் பூசுங்கள்; நிறங்கள் திரும்பிவரும். முழுதும் உலர்ந்தபின், வறண்ட நாளாகப் பார்த்து, மெல்லியதாக மாட் அடியுங்கள். பளபளப்பு வார்னிஷ்தான் உறுதியானது என்பதால் அடியில் அது இருப்பது உங்களுக்கு லாபமே. அடுத்த படைக்கு வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு புல்லை ஒட்டுங்கள்.