எஞ்சினியரிங் டிராயிங்கின் அடிப்படையை எப்படிக் கற்பது? நேராக ஆட்டோகேட் படித்தால் போதாதா?

முதலாண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன், டிராயிங் வகுப்பு புரியவில்லை, ஷீட்டில் கையால் வரைவதை விட்டு, கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேட்டை நேராகப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம், கொஞ்ச நாள் கழித்து. கோடு போட உங்களுக்கு வரும். ஒரு பொருளை மனசுக்குள் திருப்பிப் பார்ப்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. எங்கள் பட்டறைக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கும் இதே சிக்கல்தான். மென்பொருளை வேகமாக இயக்குவார்கள். அச்செடுத்த டிராயிங்கைக் கையில் கொடுத்தால், துளை எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்லத் தடுமாறுவார்கள்.

துணி சோப்பு ஒன்று வாங்குங்கள். கத்தியால் ஒரு மூலையைப் படி மாதிரி வெட்டி, மேசைமேல் வையுங்கள். நேர் எதிரே, கண் மட்டத்தில் பார்த்தால் தெரிவது முன்தோற்றம். நேர் மேலிருந்து பார்த்தால் மேல்தோற்றம். இடப்புறமிருந்து பார்த்தால் பக்கத்தோற்றம். கட்டம் போட்ட நோட்டில் மூன்றையும் கையாலேயே வரையுங்கள். டிராஃப்டர் என்ற வரைகருவியும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம். அடுத்து இன்னொரு மூலையைச் சாய்வாகச் சீவிவிட்டு மறுபடி வரையுங்கள். பென்சிலால் ஒரு துளை போட்டுப் பாருங்கள். எதிரே வட்டமாகத் தெரியும் துளை, மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆனால் அது உள்ளே இருக்கிறதே, அதை எப்படிக் காட்டுவது? விட்டுவிட்டுப் போடும் மறைகோடு எதற்கு என்பது அப்போது தானாகவே விளங்கும்.

இது கை வந்ததும் திருப்பிச் செய்யுங்கள். இரண்டு தோற்றங்களை மட்டும் பார்த்துப் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்தோற்றம் சதுரம், மேல்தோற்றமும் சதுரம் என்றால் அது என்ன பொருள்? கனசதுரமாக இருக்கலாம். நீளமும் விட்டமும் சமமாக, இடம் வலமாகப் படுத்திருக்கும் உருளையாக இருக்கலாம். மேல் பின்விளிம்பிலிருந்து கீழ் முன்விளிம்புவரை சாய்வாக வெட்டிய ஆப்பாகவும் இருக்கலாம். பக்கத்தோற்றம்தான் தீர்ப்புச் சொல்லும்: சதுரமா, வட்டமா, முக்கோணமா? இந்த மாதிரிப் புதிர்களை நிறையப் போட்டுப் பாருங்கள். தேர்வுக்கு மட்டுமல்ல, வேலைக்கும் உதவப்போவது இதுதான்.

அடுத்தது, தோற்றங்களைத் தாளில் எங்கே வைப்பது. இதை மனப்பாடம் செய்யவே கூடாது. இந்தியாவில் நாம் பின்பற்றுவது முதல் கோண முறை. தோற்றம் ஒரு கற்பனைத் திரையில் விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கும் அந்தத் திரைக்கும் நடுவில் பொருள் இருக்கும், உருவம் பொருளுக்குப் பின்னால் விழும். மேலிருந்து பார்த்தது தரையில் விழுகிறது; தரைத் திரையைக் கீழ்நோக்கி மடக்கி விரித்தால் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வந்துவிடும். இடப்புறமிருந்து பார்த்தது அதேபோல் வலப்பக்கம் போகும். அமெரிக்காவில் வழக்கம் மூன்றாம் கோணம்: அங்கே திரை நடுவில், பொருள் அதற்குப் பின்னால். அதனால் மேல்தோற்றம் மேலேயே நிற்கும். வெளிநாட்டு டிராயிங்கை முறை தெரியாமல் படித்தால் இடது வலதாகிவிடும், வெட்டிய இரும்பு வீண். எனவே தாளைக் கையில் வாங்கியதும் பெயர், அளவு விவரங்கள் எழுதும் தலைப்புக் கட்டத்தில் உள்ள வெட்டுக்கூம்புக் குறியைப் பாருங்கள். நுனி வெட்டிய கூம்பின் பக்கத்தோற்றமும், அதை நுனிப் பக்கமிருந்து பார்த்தால் தெரியும் இரண்டு வட்டங்களும் அதில் இருக்கும். கூம்பின் சிறிய முனை இருக்கும் பக்கத்திலேயே வட்டங்கள் இருந்தால் மூன்றாம் கோணம். எதிர்ப்பக்கம் இருந்தால் முதல் கோணம்.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர் காஸ்பார் மோஞ்சு என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் (1746–1818). கோட்டைச் சுவர்களை எவ்வளவு உயரம் கட்ட வேண்டும் என்ற நீண்ட கணக்கை வரைந்தே தீர்த்துக் காட்டினார். பிரெஞ்சு ராணுவம் அந்த முறையை ரகசியமாகவே வைத்திருந்தது. 1795இல் பாரிஸில்தான் அவரால் அதை வெளிப்படையாகப் பாடம் நடத்த முடிந்தது. ஒரு நாடு பூட்டி வைத்த வித்தையை இன்று முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கோடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள் தடிமனாக, மற்றவை மெலிதாக. துணைக்கோட்டுக்கு 2எச் பென்சில், விளிம்புக்கு எச் அல்லது எச்பி. பொருளின் மூன்று பக்கங்களையும் ஒரே படத்தில் காட்டும் ஐசோமெட்ரிக்கில் 30 டிகிரிக் கோடுகள் பழகினால் சீக்கிரம் வந்துவிடும்.

அளவு குறிப்பதில்தான் பொறுமை வேண்டும். லேத்தில் நிற்பவர் அந்தத் தாளை மட்டும் வைத்து வேலையை முடிக்க வேண்டும். கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கும்படி எதையும் விடாதீர்கள். ஒரே அளவை இரண்டு இடத்தில் எழுதாதீர்கள், நாளை ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் எதை நம்புவது? துளைக்கு அதன் மையம் எங்கே என்று சொல்லுங்கள், எந்த விளிம்பிலிருந்து அளக்க முடியுமோ அங்கிருந்து. நேரம் கிடைத்தால் கல்லூரிப் பட்டறையில் ஒரு வேலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த அளவு எங்கே வேண்டும் என்பது அங்கேதான் பிடிபடும்.

இவ்வளவு ஆனபிறகு ஆட்டோகேட்டைத் திறங்கள், கட்டளைகள் சில வாரங்களில் வந்துவிடும். முப்பரிமாண மென்பொருளில் தோற்றங்கள் தாமாகவே விழும், ஆனால் எந்தத் தோற்றம் போதும், உள்பகுதி தெரிய வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றம் எங்கே வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கோட்டிலோ அளவிலோ ஐயம் வந்தால், மாணவர்களுக்காகவே இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட எஸ்.பி. 46 தொகுப்பைப் பாருங்கள். கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.