அரைநாகி தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வாள்?

வன்னியிலுள்ள முத்தையன்கட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாயப்புனைவு நாவல் ஒன்று எழுதி வருகிறேன். நாயகியின் தகப்பன் குளத்துக்குக் கீழே வயல் செய்பவர். தாய் காட்டுக்குள் வாழும் நாகர் குலத்தவள். ஊரார் அவளை ‘அரைநாகி’ என்கிறார்கள். அவளும் தன்னை அப்படியே சொல்லிக்கொள்ளலாமா, அல்லது அவளுக்கெனப் புதிய இனப்பெயர் ஒன்றை நான் உருவாக்க வேண்டுமா?”

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ‘அரைநாகி’ ஊரார் வைத்த பெயர். அதை ஊராரே சொல்லட்டும். கதைசொல்லியின் குரலிலும் அது வந்துவிட்டால், அவளை ஏளனமாகப் பார்க்கும் ஊரின் பார்வையே நாவலின் பார்வையாகிவிடும். ‘கலப்பினம்’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் அது மாட்டுக்கும் விதைக்கும் வழங்குகிற சொல்.

உங்களுக்கு உதவக்கூடிய முன்மாதிரிகள் நம் மரபிலேயே இருக்கின்றன. வீமனுக்கும் இடிம்பிக்கும் பிறந்த கடோற்கசனை அரக்கன் என்று சொல்லும் வியாச பாரதம், தாய்வழியில் ஹைடிம்பன் என்றும் தந்தைவழியில் பைமசேனி என்றும் இரண்டு பெயர்களாலும் அவனை அழைக்கிறது. அருச்சுனனுக்கும் நாகர்குல உலூபிக்கும் பிறந்த அரவான் தாயிடம் நாகலோகத்தில் வளர்ந்து, தந்தை இந்திரலோகத்தில் இருப்பதை அறிந்து அங்கே போய், கைகூப்பித் தன் பெயரைச் சொல்லி, நான் உங்கள் மகன் என்கிறான். தாயை அருச்சுனன் சந்தித்த கதையையும் நினைவூட்டுகிறான். அந்த இடத்தில் அவன் முன்வைப்பது குலத்தை அல்ல, உறவை. இதற்கு மாறானது மகாவம்சம் சொல்லும் கதை: விசயனுக்கும் இயக்கி குவேனிக்கும் பிறந்த மகனும் மகளும், தாய் கொல்லப்பட்டபின் மலைநாட்டுக்குத் தப்பியோடுகிறார்கள், அவர்கள் வழிவந்தோரே புலிந்தர் என்று நூல் முடித்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் இருவரும் தங்களை என்னவென்று சொல்லிக்கொண்டார்கள் என்பதற்கு அங்கே ஒரு வரியும் இல்லை. உங்கள் நாயகி பேச வேண்டியது அந்த வெற்றிடத்திலிருந்துதான்.

ஆகவே, அவள் தன்னை என்னவென்று சொல்வாள் என்று கேட்பதை விட்டு, யாரிடம், எதற்காகச் சொல்கிறாள் என்று கேளுங்கள். வன்னியில் பெரியவர்கள் ஒரு பிள்ளையைப் புதிதாகக் கண்டால் ‘பிள்ளை, நீ ஆற்றை (யாருடைய) மகள்?’ என்றுதான் கேட்பார்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்தில் கிழவர் ஒருவர் அப்படிக் கேட்கட்டும். ‘மூண்டாம் வாய்க்கால் கமக்காரன்ரை மகள், எங்கடை வயலுக்கு இன்னும் தண்ணி வரேல்லை’ என்று அவள் சொல்லட்டும். சில வாரங்கள் கழித்து, பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் தாயின் சனம் அதே கேள்வியைக் கேட்கும்போது, அவள் தாயின் பெயரை மட்டும் சொல்வாள். இரண்டு பதில்களும் முழு உண்மைகள். பிறகு ஒருநாள், ஊரார் காட்டை வெட்டப் போவதாகச் செய்தி வரும் இரவில், அவள் யாரைப் பார்த்து ‘எங்கடை ஆக்கள்’ என்று சொல்கிறாள் என்பதில்தான் அவளுடைய அடையாளம் தீர்மானமாகும். அந்த ஒரு சொற்றொடரை எங்கெங்கே வைக்கிறீர்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

புதிய இனப்பெயரைப் பொறுத்தவரை, அது ஆள்தொகையும் தலைமுறையும் கேட்கிற விடயம். ஊரில் அவள் ஒருத்திதான் அப்படிப் பிறந்தவள் என்றால், தனக்கு மட்டுமான ஓர் இனப்பெயரை அவள் வைத்துக்கொள்வது நம்பும்படி இராது. அவளைப் போன்ற குடும்பங்கள் இரண்டு, மூன்று தலைமுறைகளாக ஒரு குளத்தைச் சுற்றி வாழ்கின்றன என்றால், பெயர் தானாகவே தேவைப்படும். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து அரசு ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாகப் பதிந்த மக்கள், பின்னர் தங்களை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொண்டார்கள். 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் அவர்களுள் பல. அவர்களை இழிவாகச் சுட்டும் சொற்களையும் இங்கே எல்லோரும் கேட்டிருக்கிறோம். அது இரத்தக் கலப்பின் கதையன்று. ஆனாலும் பிறர் இட்ட பெயரை விட்டுத் தன் பெயரை எடுக்க ஒரு சமூகத்துக்கு எவ்வளவு காலமும் ஒற்றுமையும் வேண்டும் என்பதை அதைவிடக் கிட்டத்தில் நீங்கள் பார்க்க முடியாது.

கற்பனைப் பாத்திரங்களை ஏற்று ஆடும் விளையாட்டுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 கையேட்டில் இருந்த, மனிதருக்கும் மாயப்புனைவு இனத்தவருக்கும் பிறந்த ‘அரை எல்ஃப்’, ‘அரை ஓர்க்’ என்ற பிரிவுகள் 2024 கையேட்டில் இல்லை. பாத்ஃபைண்டர் என்னும் இன்னொரு விளையாட்டு 2023இல் அவர்களுக்கு ஐயுவாரின், துரோமார் என்று சொந்தப் பெயர்களைக் கொடுத்தது. இவ்விரண்டில் பின்னதே எனக்கு மேலானதாகப் படுகிறது, ஏனெனில் அது அவர்களை நீக்காமல் பெயரை மட்டும் மாற்றியது.

‘அரைநாகி’ என்ற சொல்லை அவள் கடைசியில் தானே எடுத்துக்கொள்வதாக நீங்கள் முடிவு செய்தால், அதை நாவலின் பிற்பகுதிக்கு ஒதுக்குங்கள். முன்பு அந்தச் சொல்லால் அவளைக் காயப்படுத்திய ஒருவரின் முகத்துக்கு நேரே அவள் அதைச் சொல்ல வேண்டும். அதன்பின் வரும் அத்தியாயங்களில் ஊரார் யாரும் அந்தச் சொல்லைப் பழையபடி வீசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.