குழந்தை எப்போது அசையும்?

கேள்வி: இது எனக்கு முதல் குழந்தை. 18 வாரம் முடிந்துவிட்டது, அசைவே தெரியவில்லை. என் தோழிக்கு 16 வாரத்திலேயே தெரிந்ததாம். பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. 8ஆவது வாரம் வாக்கிலேயே குழந்தை அசையத் தொடங்கிவிடும். உங்களுக்குத்தான் இன்னும் எட்டவில்லை. தலைப்பிரசவத்தில் 20 வாரம் வரை தெரியாமல் இருப்பது சகஜம். உங்கள் தோழிக்கு அது எத்தனையாவது குழந்தை? இரண்டாவது என்றால் சீக்கிரமே பிடிபட்டுவிடும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் இருந்தாலும் அசைவு மந்தமாகத்தான் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஆன்டீரியர்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

இந்த வாரங்களில் ஸ்கேன் திரையைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசைதான். தலையிலிருந்து பிட்டம் வரை சுமார் 14 செ.மீ. இருக்கும். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோகும், பனிக்குட நீரை விழுங்கும், விக்கல்கூட எடுக்கும். ஆயுளுக்கும் மாறாத கைரேகை விரல்நுனியில் உருவாகியிருக்கும்.

முதல் அசைவு உதைபோல இருக்காது. உள்ளே குமிழி உடைவதுபோல லேசாகத் தெரியும். வாயு என்றே பலர் விட்டுவிடுகிறார்கள். இரவில் படுத்ததும் கவனியுங்கள்.

24 வாரம் ஆகியும் தெரியாவிட்டால் கட்டாயம் மருத்துவரைப் பாருங்கள். அசைவு பழகிய பிறகு திடீரென்று குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தவறு.